கடினம் வேறு, ஆபத்து வேறு

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் கிழக்கு மூலையில் ஹாஃப் டோம் நிற்கிறது. உச்சி கடல்மட்டத்துக்கு மேல் 2,694 மீட்டர். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் 1,400 மீட்டருக்கும் கூடுதல். வடமேற்குப் பக்கம் நெட்டுக்குத்தான சுவர். மற்ற பக்கங்கள் உருண்டு சரியும் மொட்டைப் பாறை. அதன் தென்மேற்குச் சரிவில் ஸ்னேக் டைக் என்றொரு ஏறுவழி இருக்கிறது. எரிக் பெக், ஜிம் பிரிட்வெல், கிறிஸ் ஃபிரெடெரிக்ஸ் ஆகிய மூவரும் 1965-இல் முதன்முறையாக அதில் ஏறினார்கள்.

வழிகாட்டி நூல்களில் இந்த ஏறுவழிக்கு நேரே '5.7 ஆர்' என்று போட்டிருக்கும். முதலில் வரும் எண், வழியிலேயே மிகக் கடினமான ஓர் அசைவு எவ்வளவு கடினம் என்பதைச் சொல்கிறது. கயிறு கட்டி ஏற வேண்டிய பாறைகளுக்கான இந்த அளவுகோல் 1950-களில் 5.0 முதல் 5.9 வரை வகுக்கப்பட்டு, இன்று 5.15 வரை நீண்டிருக்கிறது. அதில் 5.7 என்பது சில மாதங்கள் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவருக்குக் கைகூடும் நிலை. பின்னால் வரும் 'ஆர்' வேறொன்றைச் சொல்கிறது: இங்கே கயிற்றை மாட்டும் இடங்கள் தள்ளித்தள்ளி இருக்கின்றன, விழுந்தால் நெடுந்தூரம் விழ நேரும்.

தவறும் வாய்ப்பு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. தவறினால் என்ன ஆகும் என்பது மற்றொரு கேள்வி. முதலாவதைக் கடினம் என்றும் இரண்டாவதை ஆபத்து என்றும் வைத்துக்கொண்டால், பாறை ஏற்றத்தில் இவை இரண்டும் சேர்ந்தே உயர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எட்டு கட்டமாக ஏற வேண்டிய ஸ்னேக் டைக்கில் ஒரு நாளைக் கழிப்பவர், இந்த இரண்டும் எப்படிப் பிரிகின்றன என்பதைக் காலை முதல் மாலை வரை தன் உடம்பில் உணர்வார். அந்தப் பிரிவுக்குக் காரணம் கல்லின் வரலாறும், ரப்பரின் குணமும், நைலான் கயிற்றின் நீளும் தன்மையும்தான்.

கல் எப்படி வந்தது

விடிவதற்கு முன்பே பள்ளத்தாக்கிலிருந்து நடை தொடங்கிவிடும். 97 மீட்டர் உயர வெர்னல் அருவியையும் 181 மீட்டர் உயர நெவாடா அருவியையும் தாண்டி, காட்டுக்குள் விலகிப் பாறையின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அங்கே நின்று மேலே பார்த்தால், சாம்பல் நிறச் சரிவில் வெளிறிய பட்டை ஒன்று நெளிந்து நெளிந்து நூற்றுக்கணக்கான மீட்டர் ஏறிப் போவது தெரியும். ஏற வேண்டிய வழி அதுதான்.

சாம்பல் நிறத்தில் இருப்பது கிரானோடயோரைட். நாம் கருங்கல் என்று சொல்லும் கிரானைட்டின் நெருங்கிய உறவு. ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பாகத் தங்கி, மெல்ல மெல்ல ஆறிப் படிகமானது. ஆறுவதற்கு நீண்ட காலம் கிடைத்ததால் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக வளர்ந்தன. வெள்ளையாக ஃபெல்ஸ்பார், கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், கறுப்பாக ஹார்ன்பிளெண்டும் பயோடைட்டும்.

முக்கால்வாசி இறுகிப்போன பாறையில் விரிசல்கள் விழுந்தன. கடைசியாக எஞ்சியிருந்த குழம்பு அவற்றுக்குள் புகுந்து உறைந்தது. அந்தக் குழம்பில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் மிகுதி, கறுப்புக் கனிமங்கள் குறைவு. இப்படிப் பாறைக்குள் ஓடும் நரம்பைப் புவியியலார் டைக் என்பார்கள். இரும்புச் சத்துள்ள கறுப்புக் கனிமங்கள் மழையிலும் காற்றிலும் சீக்கிரம் சிதைந்து, பக்கத்துப் படிகங்களையும் தளர்த்திவிடும். குவார்ட்ஸ் அவ்வளவு சுலபத்தில் சிதையாது. எனவே சுற்றியுள்ள கல் தேயத் தேய நரம்பு மேலே துருத்திக்கொண்டு நின்றது. அதன் மேற்பரப்பில் விரல் நுனிக்கும் ஷூ முனைக்கும் இடம் தரும் குமிழ்களும் விளிம்புகளும் உண்டு. இத்தனை பெரிய மொட்டைச் சரிவில் 5.7 அளவிலேயே ஏற முடிகிறதென்றால் காரணம் இந்தத் துருத்தல்தான்.

மொட்டைச் சரிவு உருவானதற்கும் கதை இருக்கிறது. மேலே கிடந்த கிலோமீட்டர் கணக்கான பாறை அரிக்கப்பட்டு அகன்றபோது, அடியிலிருந்த கல் மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளந்தது. புவியியலார் ஜி. கே. கில்பர்ட் 1904-இலேயே சியராவின் குவிமாடங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மேற்சுமை நீங்கியது மட்டும் இதற்குக் காரணமாகாது என்பதைப் பின்னாளில் ஸ்டீபன் மார்ட்டெல் விளக்கினார். குவிந்து வளைந்த பரப்பு அதன் போக்கிலேயே பக்கவாட்டில் அழுத்தப்படும்போது, பரப்புக்குச் செங்குத்தாக வெளியே இழுக்கும் விசை பிறக்கிறது. அதுதான் தகட்டை உரிக்கிறது. உரிந்த பின் மிஞ்சும் புதுப் பரப்பும் குவிந்தே இருப்பதால் வேலை தொடர்ந்து நடக்கிறது.

இது பழங்கதையும் அன்று. பிரையன் காலின்ஸ், கிரெக் ஸ்டாக் இருவரும் யோசெமிட்டியில் பாதி பிரிந்து நின்ற தகடு ஒன்றில் கருவிகள் பொருத்தி மூன்று ஆண்டுகளுக்கு மேல் அளந்தார்கள். 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெயில் ஏறும்போது தகடு சுவரைவிட்டு விலகுவதும் இரவில் மீண்டும் ஒடுங்குவதுமாக இருந்தது. ஒரே நாளில் ஒரு சென்டிமீட்டர் வரைகூட அசைந்தது. நாள்தோறும் நடக்கும் இந்த அசைவே விரிசலை நீட்டி, ஒரு நாள் தகட்டை விழவைக்கும். 2015 ஜூலையில் ஹாஃப் டோமின் வடமேற்குச் சுவரிலிருந்து பெரியதொரு பாளம் கழன்று விழுந்தது. அதோடு, 1957 முதல் மக்கள் ஏறிவந்த புகழ்பெற்ற வழியின் ஒரு பகுதியும் போயிற்று.

சரிவில் நிற்பது எப்படி

ஸ்னேக் டைக்கின் முதல் சில கட்டங்களில் நரம்பு கிடையாது. வழவழப்பான சரிவில் குறுக்கே நகர்ந்து அதை எட்ட வேண்டும். கைக்குப் பிடி என்று எதுவும் இருக்காது. ஷூவின் அடி ரப்பரைப் பாறையில் அப்பியபடி வைத்து, உராய்வை நம்பி எழுந்து நிற்க வேண்டும். 5.7 என்ற எண் வருவது இங்கேதான்.

பள்ளிக்கூட இயற்பியலே இதற்கு முதல் விளக்கம். சரிவில் நிற்கும் ஒருவரின் எடையை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பகுதி பாறையை அழுத்துகிறது, மற்றது சரிவின் போக்கில் கீழே இழுக்கிறது. சரிவுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு உராய்வுக் கெழுவைத் தாண்டாத வரை வழுக்காது. 45 பாகையில் அந்த மதிப்பு 1. தோல் செருப்போ சாதாரண ஷூவோ அவ்வளவு தராது. பாறை ஏறுவோர் அணியும் ஷூவின் மெல்லிய ரப்பர், சுத்தமான சொரசொரப்பான கிரானைட்டில் அதைத் தரும், சற்று மிஞ்சியும் தரும்.

பள்ளிக்கூட விதி ரப்பருக்கு அப்படியே பொருந்துவதில்லை. இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு இடையே உராய்வைப் பேசும்போது தொடும் பரப்பளவு முக்கியமில்லை என்று படித்திருப்போம். ரப்பர் மிருதுவானது, அழுத்தினால் படிகங்களுக்கு இடையேயுள்ள நுண்பள்ளங்களில் இறங்கி உட்காரும். வழுக்க முயன்றால் ஒவ்வொரு மேட்டின் மீதும் நசுங்கி மீள வேண்டியிருக்கிறது. நசுங்கும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் ரப்பர் மீளும்போது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கை வெப்பமாகத் தின்றுவிடுகிறது. அந்த இழப்புதான் நமக்குப் பிடிப்பு. இந்தக் குணத்துக்கென்றே உருவாக்கிய ரப்பர் கொண்ட ஷூக்கள் 1980-களின் தொடக்கத்தில்தான் பரவின. 1965-இல் ஏறிய மூவரிடமும் அது இல்லை.

ரப்பர் சூடேறினால் குழைந்து பிடிப்பை இழக்கும். தென்மேற்குச் சரிவில் முற்பகலுக்குப் பிறகு வெயில் நேராக விழும். அதிகாலைப் புறப்பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஏறுபவர் எப்படி நிற்கிறார் என்பதும் உராய்வைத் தீர்மானிக்கிறது. பயந்தவுடன் உடம்பு தானாகவே பாறையோடு ஒட்டிப் படுக்கப் பார்க்கும். அப்படிச் சாய்ந்தால் உள்ளங்கைகளும் முன்னுடலும் பாறையின் அழுத்தத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. பாதத்தின் கீழ் இருந்த அழுத்தம் அந்த அளவுக்குக் குறைகிறது. கீழே இழுக்கும் விசையோ பெரும்பாலும் பாதத்திலேயே விழுகிறது. அழுத்தம் குறைந்து இழுப்பு குறையாவிட்டால் வழுக்கல்தான் மிச்சம். இடுப்பை வெளியே தள்ளி, எடையைப் பாதத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து நிமிர்ந்து நின்றால் பாதம் பிடிக்கும். பயம் கேட்பதற்கு நேர்மாறானதை உடம்புக்குக் கற்பிக்க வேண்டியிருப்பதால்தான் இந்த எளிய சரிவுகளில் பயிற்சி பெற்றவரும் தடுமாறுகிறார்.

குதிகாலை உயர்த்தி நெடுநேரம் நின்றால் கெண்டைக்கால் தசை படபடவென்று ஆடத் தொடங்கும். தசை இழுபடுவதை உணர்ந்து முதுகுத்தண்டு அனுப்பும் அனிச்சைக் கட்டளைகள் ஒன்றையொன்று துரத்துவதால் வரும் ஆட்டம் இது. மனத்திடம் போதாததால் வருவதன்று. குதிகாலைக் கொஞ்சம் கீழே இறக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். அதோடு ரப்பரும் கூடுதல் பரப்பில் படியும்.

கயிற்றின் கணக்கு

உயரமான பாறையை ஒரே மூச்சில் கயிற்றோடு ஏற முடியாது, கயிறு எட்டாது. இன்று வழக்கத்தில் உள்ள கயிறு 60 மீட்டர் நீளமும் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்டது. எனவே வழியைக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிட்ச். இருவரில் ஒருவர் முன்னே ஏறுவார். மற்றவர் கீழே நங்கூரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு கயிறு விடுவார். முன்னே போகிறவர் வழியில் பாறைக்குள் அடித்திருக்கும் போல்ட்டுகளில் காராபைனர் என்ற திறந்து மூடும் வளையத்தை மாட்டிக் கயிற்றை அதற்குள் விட்டுக்கொண்டே போவார். பிட்ச் முடியும் இடத்தில் நங்கூரம் அமைத்து, பின்னவரை மேலே வரச் சொல்வார்.

முன்னே போகிறவர் கடைசிப் போல்ட்டுக்கு 5 மீட்டர் மேலே இருக்கையில் தவறினால், 5 மீட்டர் இறங்கிப் போல்ட்டைக் கடந்து இன்னும் 5 மீட்டர் விழுவார். கயிறு அதற்குப் பிறகுதான் இறுகும். அந்த 10 மீட்டர் வீழ்ச்சியின் ஆற்றலைக் கயிறு நீண்டு வாங்க வேண்டும்.

விழும் தூரம் கூடக்கூடக் கயிற்றின் மீது விழும் விசையும் கூடும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. வீழ்ச்சியின் ஆற்றல் விழுந்த தூரத்தைப் பொறுத்தது. அதை வாங்கும் திறனோ வெளியே விடப்பட்டிருக்கும் கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது, ஏனெனில் ஒவ்வொரு மீட்டர் நைலானும் தன் பங்குக்கு நீள்கிறது. ஆகவே தீர்மானிப்பது இரண்டுக்கும் உள்ள விகிதம். விழுந்த தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை வீழ்ச்சிக் காரணி என்று சொல்லலாம். 2 மீட்டர் கயிற்றில் 4 மீட்டர் விழுவதும் 20 மீட்டர் கயிற்றில் 40 மீட்டர் விழுவதும் கயிற்றுக்கு ஒன்றே. இரண்டிலும் காரணி 2. இயல்பான ஏற்றத்தில் அதைவிடப் பெரிய காரணி வர வழியில்லை.

80 கிலோ எடை, ஏறக்குறைய 1.77 வீழ்ச்சிக் காரணி என்பதே கயிறுகளுக்கான சர்வதேசச் சோதனை. முதல் வீழ்ச்சியில் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 1,200 கிலோ எடைக்குச் சமமான இழுப்புக்குள் இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து வீழ்ச்சிகளையாவது அறாமல் தாங்க வேண்டும். சோதனையில் 9 கிலோநியூட்டன் காட்டும் நல்ல கயிற்றையே எடுத்துக்கொள்வோம். 40 மீட்டர் கயிறு வெளியே இருக்கையில் 10 மீட்டர் விழுந்தால் காரணி வெறும் கால். எளிய சூத்திரப்படி விசை 4 கிலோநியூட்டனுக்குள் அடங்கிவிடும். அதே 10 மீட்டரை நங்கூரத்திலிருந்து ஏறிய உடனே, 5 மீட்டர் கயிற்றில், ஒரு போல்ட்டும் மாட்டாமல் விழுந்தால் காரணி 2. விசை இரண்டு மடங்குக்கு மேல் போகும், அதுவும் நேரே நங்கூரத்தின் மீதும் கயிறு பிடிப்பவரின் மீதும். நங்கூரத்தைவிட்டுக் கிளம்பியதும் கூடிய சீக்கிரம் முதல் போல்ட்டை மாட்ட வேண்டும் என்ற விதி இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

கயிறு எப்போதும் இப்படி இருந்ததில்லை. சணல் வகை நார்க்கயிறுகளின் காலத்தில் முன்னே போகிறவர் விழவே கூடாது என்பதே சட்டம், ஏனென்றால் விழுந்தால் கயிறு அறுந்துவிடலாம். ரிச்சர்ட் லெனார்டும் அவருடைய நண்பர்களும் 1930-களில் பெர்க்லி நகரத்தின் சிறு பாறைகளில் வேண்டுமென்றே விழுந்து பார்த்து, கயிற்றைச் சற்று வழுக்கவிட்டு நிறுத்தும் முறையைப் பழகினார்கள். இரண்டாம் உலகப் போர் நைலானைக் கொண்டுவந்தது. லெனார்டும் ஆர்னால்ட் வெக்ஸ்லரும் 1946-இல் இந்த இயக்கவியலைக் கட்டுரையாக எழுதினார்கள். எடெல்ரிட் நிறுவனம் 1953-இல் உள்ளே முறுக்கிய இழைகளும் வெளியே பின்னிய உறையும் கொண்ட கயிற்றை உருவாக்கியது. இன்றைய கயிறுகள் எல்லாம் அந்த அமைப்பில் வந்தவை. விழுவதை மரண தண்டனையிலிருந்து ஒரு நிகழ்வாக மாற்றியவர்கள் இவர்கள். பாறை ஏற்றத்தின் வீரக்கதைகளில் இவர்கள் பெயர் அதிகம் அடிபடாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

கைகள் செய்யும் வேலை

பிட்ச் முடியும் இடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். பாறையில் கையகல இடைவெளியில் இரண்டு போல்ட்டுகள். முன்னே ஏறியவர் வந்து சேர்ந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு காராபைனரை மாட்டி, துணிப்பட்டி ஒன்றை இரண்டுக்கும் இடையே விட்டு நடுவில் முடிச்சுப் போடுகிறார். பூட்டுள்ள பெரிய காராபைனரை அதில் மாட்டித் தன் கயிற்றை அதில் முடிகிறார். பூட்டின் திருகை விரலால் அழுத்திப் பார்க்கிறார். சாய்ந்து எடையைக் கொடுத்து, பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே கீழே குரல் கொடுக்கிறார். கீழே இருப்பவர் கயிற்றைப் பிடிப்புக் கருவியிலிருந்து விடுவிக்கிறார். மிச்சக் கயிறு சரசரவென்று மேலே இழுபட்டு, பின்னவரின் இடுப்பில் வந்து இறுகுகிறது. 'நான்தான்' என்ற குரல் வந்ததும் மேலே இருப்பவர் கயிற்றைப் பிடிப்புக் கருவிக்குள் விட்டுப் பூட்டுகிறார். பிறகுதான் பின்னவர் தன் நங்கூரத்தைக் கழற்றுவார். எந்தக் கணத்திலும் இருவரில் யாரும் எதிலும் கட்டப்படாமல் இருக்கக் கூடாது. வரிசை மாறாமைதான் இங்கே முக்கியம்.

பட்டியின் கோணத்திலும் கணக்கு உண்டு. இரு கிளைகளுக்கும் நடுவே 60 பாகை இருந்தால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் சுமையில் 58 விழுக்காடு போகும். 120 பாகைக்கு விரித்தால் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும். 150 பாகையில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. இரண்டு போல்ட்டுகள் சுமையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமென்றால் பட்டி நீளமாகத் தொங்கிக் கோணம் குறுகியிருக்க வேண்டும்.

துறைமுகத்தில் ஒற்றை ஆள் முளைக்கம்பத்தில் கயிற்றை இரண்டு மூன்று சுற்று சுற்றிப் பெரிய கப்பலையே நிறுத்துவதைப் பார்த்திருப்போம். கையால் பிடிக்கும் ஒருவர் விழும் ஆளை நிறுத்துவதும் அதே விதியால்தான். கயிறு வளையும் கோணம் கூடக்கூட உராய்வு பெருக்கல் விகிதத்தில் ஏறுகிறது. பிடிப்புக் கருவி அந்த வளைவைத் தருகிறது.

அதே விதி பகையாகவும் மாறும். முன்னே போகிறவர் வளைந்து வளைந்து போனால், ஒவ்வொரு காராபைனரிலும் கயிறு சற்று வளைகிறது. வளைவுகளின் உராய்வெல்லாம் ஒன்றையொன்று பெருக்கி, பிட்ச்சின் முடிவில் கயிற்றை இழுக்கவே முடியாமல் போகும். குறுக்கே நகர வேண்டிய முதல் கட்டங்களில் போல்ட்டோடு நீளமான பட்டிகளைச் சேர்த்து மாட்டிக் கயிற்றை நேராக்குவது இதற்காக.

நரம்பின் மீது

நாலாவது பிட்ச் வாக்கில் நரம்பு முழுதாகக் கைக்கு வந்துவிடும். படிக்கட்டில் ஏறுவதைவிடச் சற்றே சிரமம் என்று சொல்லலாம். கடினம் 5.4 அளவுக்கு இறங்கிவிடுகிறது. 'ஆர்' என்ற எழுத்து தன் முழுப் பொருளைக் காட்டுவது இங்கேதான். முதலில் ஏறிய மூவரும் கைத்துளைப்பானால் போல்ட்டுக்குக் குழி தோண்ட வேண்டியிருந்தது. ஏறுவது எளிதாக இருந்ததால் மிகச் சில போல்ட்டுகளையே அடித்தார்கள். பிறகு சில சேர்ந்தபோதும், இன்றும் இரண்டு போல்ட்டுகளுக்கு இடையே 20 மீட்டருக்கு மேல் தூரம் இருக்கும் இடங்கள் உண்டு.

கடைசிப் போல்ட்டிலிருந்து 20 மீட்டர் மேலே ஒருவர் தவறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கயிறு இறுகுவதற்குள் 40 மீட்டர் வழுக்குவார். சரிவு 45 பாகை, துணியும் தோலும் கல்லில் தேய்வதால் வரும் உராய்வுக் கெழு 0.5 என்று எடுத்துக் கணக்கிட்டால், இறுதி வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். கயிறு அறாது. போல்ட் நல்லதாக இருந்தால் அதுவும் பிடுங்கிக்கொள்ளாது. கப்பி போல இருபுறக் கயிறும் இழுப்பதால் விழுபவர் உணரும் விசையைவிட ஒன்றரை மடங்குக்கும் கூடுதலாகப் போல்ட் வாங்கினாலும், இன்றைய எஃகு போல்ட்டுகள் அதைத் தாங்கும். ஆனால் துருத்திய குமிழ்கள் நிறைந்த பாறையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் உரசிக்கொண்டு போன கணுக்காலுக்கும் இடுப்புக்கும் கயிறு என்ன செய்ய முடியும்?

ஒவ்வோர் அசைவிலும் தவறும் வாய்ப்பு மிகக் குறைவு, தவறினால் விளைவு மிகப் பெரிது. மொத்த இடர் இந்த இரண்டின் பெருக்கல். செங்குத்தான சுவரில் இரண்டு மீட்டருக்கு ஒரு போல்ட்டோடு இருக்கும் 5.12 வழியில் ஒருவர் ஒரே நாளில் பத்து முறை விழுந்து, பத்து முறையும் காற்றில் தொங்கிச் சிரித்துக்கொண்டே திரும்புவார். அதே ஆள் ஸ்னேக் டைக்கின் 5.4 நரம்பில் ஒரே ஒரு முறைகூட விழக் கூடாது. எண்ணைப் பார்த்து அலட்சியமாக ஏறுகிறவர் உண்மையில் பார்க்க வேண்டிய எழுத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி இறங்குவதும் நினைத்தபடி நடக்காது. கயிற்றை இரட்டையாக்கி இறங்கினால் 60 மீட்டர் கயிறு 30 மீட்டருக்கே வரும். பிட்ச் அதைவிட நீளமாக இருந்தால் ஒற்றைக் கயிறு முந்தைய நங்கூரத்தை எட்டாது. எனவே பாதிவழியில் மனம் மாறினாலும், பல இடங்களில் மேலே ஏறுவதே பாதுகாப்பான வழியாக இருக்கும். அந்த முடிவைக் கீழே நிற்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

நேரமும் மின்னலும்

ஒருவர் ஏறும்போது மற்றவர் நிற்க வேண்டியிருப்பதால் பல பிட்ச் ஏற்றத்தில் பாதி நேரம் காத்திருப்பில் போகிறது. நங்கூரத்தில் ஆள் மாறும் வேலை 5 நிமிடத்துக்குப் பதில் 15 நிமிடம் எடுத்தால், எட்டு பிட்ச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடிவிடும். கோடையில் சியராவின் உச்சிகளுக்கு மேல் பிற்பகல் மேகங்கள் திரளும் நாட்களில் அந்தக் கூடுதல் நேரத்துக்கு விலை உண்டு.

சூடான பாறையும் சரிவும் காற்றை மேலே தள்ளுகின்றன; ஈரப்பதம் போதுமானால் இடிமேகம் உருவாகிறது. சுற்றிலும் எதுவும் இல்லாமல் தனித்து எழுந்து நிற்கும் ஹாஃப் டோம் மின்னலுக்கு எளிய இலக்கு. 1985 ஜூலை 27 அன்று உச்சியில் பாறைப் பொந்து ஒன்றில் ஒதுங்கிய ஐந்து பேரை மின்னல் தாக்கியது, இருவர் இறந்தார்கள். மின்னல் நேரே ஆளின் மீது விழ வேண்டும் என்பதில்லை. பாறையில் விழுந்த மின்னோட்டம் ஈரமான மேற்பரப்பு வழியாகப் பரவும். பொந்தின் வாயில் உட்கார்ந்திருப்பவர், கூரைக்கும் தரைக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தன் உடம்பால் நிரப்பிக்கொடுக்கிறார். மழைக்கு ஒதுங்க நல்ல இடம், மின்னலுக்கு மோசமான இடம்.

வெளிச்சத்துக்கும் இடியோசைக்கும் இடையே மூன்று விநாடி என்றால் மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. நடுப்பாறையில் இருவருக்கு அதற்குமேல் அந்தக் கணக்கால் பெரிய பயன் கிடையாது, ஓட இடமில்லை. ஆகவே வானிலையைக் கணிக்க வேண்டிய நேரம் முந்தின நாள் மாலை.

இறங்கும் வழி

கடைசிப் பிட்ச் முடிந்ததும் சரிவு தணிந்து, கயிறு தேவைப்படாத நீண்ட பாறை நடை வரும். பிறகு உச்சி. இறக்கம் மறுபக்கத்தில். ஹாஃப் டோமின் மேல் யாராலும் ஏற முடியாது என்று 1860-களில் புவியியலார் ஜோசையா விட்னி எழுதிவைத்தார். ஜார்ஜ் ஆண்டர்சன் 1875-இல் பாறையில் துளையிட்டு இரும்பு வளையங்களை அடித்துக்கொண்டே ஏறி அதைப் பொய்யாக்கினார். ஏறக்குறைய அதே தடத்தில் சியரா கிளப் 1919-இல் இரும்பு வடங்களைப் போட்டது. இரண்டு வடங்களையும் பிடித்துக்கொண்டு, சுமார் 120 மீட்டர் சரிவில் யாரும் ஏறலாம், இறங்கலாம். நடந்து வருவோருக்கு இன்று அனுமதிச் சீட்டு கட்டாயம்.

இந்த வடப் பாதையில் கடினம் ஏறக்குறைய ஒன்றுமில்லை, குழந்தைகளும் ஏறுகிறார்கள். ஆனாலும் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன, குறிப்பாகப் பாறை நனைந்திருந்த நாட்களில். ஒரு நூற்றாண்டாகப் பாதங்கள் மெருகேற்றிய கல்லில் நீர்ப்படலம் ரப்பரைப் படிகங்களோடு சேரவிடாமல் தடுக்கிறது. காலையில் பாறை ஷூவுக்குச் சாதகமாக இருந்த அதே உராய்வுக் கணக்கு, நனைந்த மாலையில் நடைச்செருப்புக்கு எதிராகத் திரும்புகிறது. பிடித்த கையைத் தவிர வேறு கட்டு எதுவும் இல்லாதவருக்கு, கை நழுவினால் அடுத்த போல்ட் என்று ஒன்று கிடையாது.

பாறை ஏற்றத்தைக் கற்பிப்பவர்களும் கற்பவர்களும் இன்னும் பெரும்பாலும் கடினத்தின் எண்ணையே பேசுகிறார்கள். உள்ளரங்கச் சுவர்களில் பயின்றவர்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் அந்த எண் இன்னும் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் அங்கே ஆபத்தை வேறு யாரோ முன்பே அகற்றிவைத்திருக்கிறார்கள். மலைக்கு வரும்போது அந்த வேலை நம்முடையதாகிறது. இந்த அசைவு என்னால் முடியுமா என்று கேட்பதற்கு முன், இங்கே தவறினால் எவ்வளவு தூரம், எதன் மீது, எந்த வேகத்தில் என்று கேட்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஊட்ட வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் இயற்பியல் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்டதில்லை. அதைப் பாறையில் நிற்கும்போது நினைவுக்குக் கொண்டுவரும் பயிற்சிதான் வேண்டும். விரல் வலிமைக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலும் போதும்.